வளர்ந்துபோன பொருத்தனை

சலவைக்கூடத்தில் அவளை இடியக்கா என்று கூப்பிடுவார்கள். நேரில் பார்த்தால் அக்கா என்ற மரியாதை ஒட்டிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் வெறும் இடிதான். துவைக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம் உருண்டு, உலர்த்தும் பெட்டிகள் மறுபக்கம் இரைந்து, நடுவில் நீராவி சீறும் இடத்தில் மெல்லப் பேசினால் யார் காதில் விழும்? அங்கே வளர்ந்த குரல் வீட்டுக்கு வந்த பிறகும் சுருங்க மறுத்தது. "உப்பு எங்கே?" என்று அவள் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி உப்பு ஜாடியோடு வந்து நிற்பாள் என்று அவள் கணவர் சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளியும் நின்றுகொள்வார்.

அவள் வேலை பெரிய உருளையின் முன்னால். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்து அரை ஈரத்தோடு வந்து சேரும். இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, ஓரத்தை நேராக்கி, நகரும் பட்டையின்மேல் வைப்பார்கள். சூடான உருளை அதைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதும் கையை எடுத்துவிட வேண்டும். விரிப்பின் இன்னொரு மூலையைப் பிடிப்பவளுக்கு மறுமுனை என்று பெயர் வைத்தவளும் இவள்தான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு மூலைகள். இடியக்கா வீட்டுக்காரரோடு பேசியதைவிட மறுமுனையோடு கத்தியது அதிகம்.

மறுமுனை எந்தச் சபைக்கும் போகாதவள். "எனக்கும் கடவுளுக்கும் சண்டையும் இல்ல, பேச்சும் இல்ல" என்பாள். அவளுக்கே இடியக்காவின் பொருத்தனைக் கதை மனப்பாடம்.

கதை இதுதான். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போய், மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. பிறந்தது அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து நர்ஸ் தட்டிக்கொண்டிருந்தபோது, பிரசவ அறையில் படுத்தபடியே இவள் ஆண்டவரைக் கூப்பிட்டுக் கத்தினாள். குழந்தையை அவருக்கே நேர்ந்துவிட்டாள். குழந்தை அழுதது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மகளின் பிறந்தநாளை ஒட்டி வரும் ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்லும் நேரத்தில் இவள்தான் முதலில் எழுந்திருப்பாள். ஒலிபெருக்கி வேண்டாம் என்பாள். வேண்டியதும் இல்லை. ஊழியத்துக்கென்று நேர்ந்த பிள்ளை, மிஷனரியாகப் போகப்போகிற பிள்ளை என்று அவள் சொல்லச் சொல்ல, சபை முழுவதும் "ஆமென்" சொல்லும். மகளுக்கு ஐந்து வயதாகும்போதே பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் அவளைக் குட்டி மிஷனரி என்று கன்னத்தைக் கிள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

மகளுக்கு இருபத்துமூன்று முடிந்த ஞாயிறு அன்று அது நடந்தது.

பாஸ்டரும் இடியக்காவும் முன்கூட்டியே எல்லாம் பேசி வைத்திருந்தார்கள். தொலைவில் ஒரு மிஷனரிப் பயிற்சிப் பள்ளி, இடம் சொல்லியாகிவிட்டது. மகளை முன்னால் அழைத்து, அவள் தலையில் சபை மூப்பர்கள் கைவைத்து ஜெபிப்பது. அவள் எழுந்து வரும்போது, வாழ்வை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பாட்டை ஆரம்பிப்பது என்று கீபோர்டு வாசிப்பவர் வரைக்கும் ஏற்பாடு. ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லவில்லை. அவளிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நேர்ந்துவிடும்போது மட்டும் கேட்டார்களா?

"சகோதரியுடைய பொருத்தனையின் பிள்ளை இப்போ முன்னால வரட்டும்" என்றார் பாஸ்டர்.

மகள் உட்கார்ந்தே இருந்தாள். காதில் விழவில்லையோ என்று அவர் மறுபடியும் கூப்பிட்டார். அவள் எழுந்து, நின்ற இடத்திலேயே சொன்னாள்.

"ஐயா, என்னை யாரும் கேக்கல. நான் போகப்போறதில்ல. எனக்கு லாரி ஓட்டுற வேலை கிடைச்சிருக்கு."

அவள் எழுந்ததை மட்டும் பார்த்த கீபோர்டுக்காரர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். அவர் ஆரம்பித்ததால் பாடகர் குழுவும் ஆரம்பித்தது. ஒரு சரணம் முழுக்கப் பாடி முடிக்கும்வரை யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. அந்தச் சரணம் முடிவதற்குள் இடியக்காவின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

வீட்டுக் கதவைச் சாத்தும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"லாரியா? கர்த்தருக்குக் குடுத்த பிள்ளை கியர் போடப் போகுதா?"

"நான் வேலை பாக்குற கிடங்குல ரெண்டு வருஷமா வண்டி எடுத்துப் பழகுறேன்மா. பெரிய வண்டி லைசென்சும் வாங்கியாச்சு. அப்பாவுக்குத் தெரியும்."

இடியக்கா கணவர் பக்கம் திரும்பினாள். கடிகாரம் பழுது பார்க்கிறவர் அவர். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்துவிட்டால் உலகம் அழிந்தாலும் அவருக்கு அது கடிகாரத்துக்கு வெளியே நடக்கும் சங்கதி. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து அவர் உருப்பெருக்கியைத் தேடினார்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"லைசென்ஸ் தெரியும். சபையில இப்படிச் சொல்லுவான்னு தெரியாது."

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நடு ரோட்டுல நிக்க வச்சிட்டீங்க!"

"ரோட்டுல நிக்கப்போறது நான்தாம்மா" என்றாள் மகள். சிரிப்பு மூட்டத்தான் சொன்னாள். தாயின் கையில் அகப்பட்ட தட்டு சுவரில் போய் விழுந்தது.

அதன்பின் வீட்டில் ஒரு புதுவிதமான சண்டை. இடியக்கா மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டு, மகளைப் பற்றி ஆண்டவரோடு பேசினாள். மகள் காதில் விழுகிற மாதிரி. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "பிதாவே, இந்தக் கல்லான இருதயத்தை உடைத்தருளும்" என்பாள். சபைப் பெண்களை வீட்டுக்கு அழைத்து மகளின் மனம் திரும்ப உபவாச ஜெபம் வைத்தாள். மகள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தே நடு ஹாலில் எட்டுப் பேர் முழங்காலில் நின்றார்கள். வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, பிரேக் நல்லா பிடிக்கணும்னும் சேர்த்து ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டுப் பேரில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரையும் இடியக்கா அதன்பிறகு அழைக்கவில்லை.

சலவைக்கூடத்தில் கோபம் கைகளில் இறங்கியது. விரிப்பை அவள் உதறிய உதறலில் மறுமுனையின் தோள் கழன்றுபோகும் போலிருந்தது.

"அக்கா, துணி என்ன பாவம் பண்ணுச்சு?"

"பேசாம பிடிடி."

"குடுத்தது நீங்க. வாங்கினவரு வாயைத் திறக்கல. நடுவுல நீங்க ஏன் தொண்டை கிழியக் கத்துறீங்க?"

"உனக்கு என்ன தெரியும்? உன் பசங்க ரெண்டு பேரும் உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. வந்துட்டா எனக்குப் புத்தி சொல்ல!"

சொன்னது எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்துதான் சொன்னாள். மறுமுனையின் முகம் தொங்கிப்போனது. இடியக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையைப் பார்க்கவில்லை. உருளை விரிப்பைக் கவ்வியபிறகும் பிடியை விடவில்லை. பாதுகாப்புக் கம்பி தட்டி இயந்திரம் தானாக நிற்பதற்குள் வலது கையின் இரண்டு விரல்கள் வெந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட முதல் வாரத்தோடு விட்டுவிடும் தவறு அது. மறுமுனைதான் குழாயடிக்கு இழுத்துப்போய் விரல்களைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் இடியக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பாஸ்டர் பார்க்க வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சகோதரி! விட வேண்டிய நேரத்துல விடாததால வந்தது. அந்த இயந்திரம் மூலமா ஆண்டவர் எவ்வளவு அருமையா உங்களோட பேசியிருக்கார்! வர்ற ஞாயிறு பிரசங்கத்துல இதைச் சொல்லலாமா?"

"ஐயா, ஆண்டவருக்குப் பேசணும்னா வாய் இருக்கு. என் விரலை வேகவச்சுத்தான் பேசணும்னு இல்ல. அந்த உருளைக்குத் தெரிஞ்சது சூடு ஒண்ணுதான். என் கைக்கட்டை வச்சுப் பிரசங்கம் பண்ணினீங்கன்னா நான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன்."

பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தார். வழக்கத்தைவிடச் சின்ன ஜெபம். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "ஆனாலும் பொருத்தனை பண்ணினா நிறைவேத்தணுமே சகோதரி. மிஷனரி ஊழியத்துக்குன்னு நேர்ந்தது சும்மா போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கேட்டீங்களா?" என்று கணவர் பக்கம் திரும்பினாள் இடியக்கா. "அவர் சொல்றது சரிதானே? நேர்ந்தது நேர்ந்ததுதானே?"

அவர் கண்ணிலிருந்து உருப்பெருக்கியைக் கழற்றினார்.

"நீ அப்படி நேரலையே."

"என்னது?"

"அன்னைக்கு நான் அந்த ரூம் கதவுக்கு வெளியதான் நின்னேன். கதவு சாத்தியிருந்துச்சு. உன் குரலுக்குக் கதவு ஒரு கணக்கா? 'ஆண்டவரே, இது உங்க பிள்ளை. குடுத்தாலும் எடுத்தாலும் உங்க பிள்ளை.' அவ்வளவுதான் சொன்ன. ஊழியம்னு ஒரு வார்த்தை இல்ல. மிஷனரின்னு ஒரு வார்த்தை இல்ல."

"அதெல்லாம்... நான் சொன்னேன்!"

"சொன்ன. பின்னால சொன்ன. முதல் வருஷம் சாட்சியில நடந்ததை அப்படியே சொன்ன. அடுத்த வருஷம் 'ஆண்டவருடைய வேலைக்கு'ன்னு ஒண்ணு சேத்துக்கிட்ட. ஆமென் பலமா வந்துச்சு. பள்ளிக்கூடத்துல சேர்த்த வருஷம் அது 'முழுநேர ஊழியம்' ஆச்சு. அவ மேடையில பாடின வருஷம் 'மிஷனரி' ஆச்சு. போன வருஷம் எந்தத் திசைக்கு அனுப்பணும்னுகூட நீயே சொல்லிட்ட."

அவர் வேலை அப்படி. ஒரு கடிகாரம் எந்த நாளில் எவ்வளவு பிசகியது என்று கேட்டால் சொல்லக்கூடியவர். அவர் ஞாபகத்தை அந்த வீட்டில் யாரும் இதுவரை மறுத்ததில்லை.

"இத்தனை வருஷம் வாய்க்குள்ள என்ன வச்சிருந்தீங்க?"

"நல்லா இருந்துச்சு, கேக்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அதான் சொல்லல." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் ஆமென் சொன்னவன்தான்."

பொய் சொல்கிறவரைப் பார்த்துக் கத்தலாம். உண்மையைச் சொல்கிறவரை என்ன செய்வது? இடியக்கா அவரையும் பார்த்துக் கத்தினாள். பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு அணைத்தார்கள்.

மறுநாள் காலை மகள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி வேறு நகரத்தில். தங்க அறையும் கொடுத்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். பல வாரங்களுக்குப் பிறகு அவளே தாயின் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். லீவு கிடைச்சா நான் இந்த வீட்டுக்கு வரணுமா, வேண்டாமா? வந்தா எனக்கு எதிரா ஹால்ல எட்டுப் பேர் முட்டி போட்டுக்கிட்டு நிக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன். ஜெபம் பண்றதை நான் விடல. சண்டை உன்கூடத்தான். வரணும்னா சொல்லு."

இடியக்காவின் வாயில் பத்துப் பதில் வந்தது. பத்தும் மகளைத் துரத்தக்கூடியவை. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு அத்தனையையும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கை ஆறும்வரை அவளைக் கறை அறையில் போட்டிருந்தார்கள். துவைத்தும் போகாத கறைகளோடு வரும் விரிப்புகளைப் பிரித்து, மறுபடி துவைக்க வேண்டியது, கிழித்துத் துடைக்கும் துணியாக்க வேண்டியது என்று ஒதுக்குகிற இடம். ஆள் நடமாட்டம் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டாள். சபையில் அவள் ஜெபம் எப்போதும் 'தேவரீர்', 'உம்முடைய' என்று பைண்டு பண்ணின புத்தகம் மாதிரி இருக்கும். அன்று வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷமா எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு உளறிக்கிட்டு இருக்கேன். 'ஏய், நீ அப்படிச் சொல்லலை'ன்னு ஒரு சத்தம் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? எல்லாரையும் ஆமென் சொல்ல விட்டுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தீங்களா? இப்போ அவ போறா. போற வழியில என் மூஞ்சியிலயும் கரியைப் பூசிட்டுப் போறா. இதுக்கா நான் அன்னைக்கு அப்படிக் கத்துனேன்?"

கையிலிருந்த விரிப்பைச் சுருட்டிச் சுவரில் அடித்தாள். அடுத்ததையும் அடித்தாள்.

"சரி, நானே சொல்றேன். அவ மேடை ஏறணும். எல்லாரும் திரும்பிப் பாக்கணும். 'யாரு பெத்த பிள்ளை?'ன்னு கேக்கணும். சலவைக்காரி பெத்ததுன்னு சொல்லணும். அதுதான் எனக்கு வேணும். உங்களுக்குன்னு சொல்லி எனக்குக் கேட்டேன். போதுமா? இப்போ சந்தோஷமா?"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவள் துணிக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சுவருக்கு அப்பால் இயந்திரங்கள் அதே மாதிரி இரைந்துகொண்டிருந்தன. பதில் எதுவும் வரவில்லை. ஆறுதலும் வரவில்லை. அன்று அந்தப் பிரசவ அறையில் இருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது. கையில் ஒன்றும் இல்லாதபோது, பேசுவதற்கு ஒரு பேரமும் தெரியாதபோது, குடுத்தாலும் எடுத்தாலும் என்று சொல்ல முடிந்திருக்கிறது. அழாத குழந்தையை அவர் கையில் கொடுக்க முடிந்தவளால், ஆறு சக்கர வண்டி ஓட்டப் போகும் வளர்ந்த பெண்ணைக் கொடுக்க முடியவில்லை. அதே வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பார்த்தாள். 'எடுத்தாலும்' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

நேராக உருளைக்குப் போனாள். மறுமுனை புதிய ஜோடியோடு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு உன் பசங்களைப் பத்திச் சொன்னது தப்புடி."

"என்ன? கேக்கல!"

"தப்புன்னு சொன்னேன்!" கூடமே திரும்பிப் பார்த்தது.

"முதல் தடவையே கேட்டுச்சு" என்றாள் மறுமுனை. "ரெண்டாவது தடவை கேக்க ஆசையா இருந்துச்சு."

ஞாயிறு வந்தது. மகளும் கணவரும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி நேரத்தில் இடியக்கா எழுந்தாள். பிறந்தநாள் தாண்டி மூன்று மாதம் ஆகியிருந்ததால் பாஸ்டருக்குப் புரியவில்லை. மகள் மனம் திரும்பிவிட்டாள் போலும் என்று நினைத்து, "ஸ்தோத்திரம்! சொல்லுங்க சகோதரி" என்றார்.

"ஒரு தப்பைத் திருத்தணும்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் கோபத்தில். "என் மகளை நான் மிஷனரி ஊழியத்துக்கு நேரல. ஆண்டவருடைய பிள்ளைன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதி எல்லாம் நானா வருஷா வருஷம் ஒட்டுப் போட்டது. நான் ஒட்டுப் போடப் போட நீங்க எல்லாரும் ஆமென் ஆமென்னு சொன்னீங்க. ஒருத்தராவது அவளைக் கேட்டீங்களா? நான் கேக்கல, சரி. நீங்களும் கேக்கல."

பெஞ்சுகள் முனகின. பாஸ்டர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"பொறுங்க ஐயா, இன்னும் முடியல. நாளைக்கு அவ வேலைக்குப் போறா. லாரி ஓட்டப் போறா. எனக்கு அது பிடிக்கல. இன்னைக்கும் பிடிக்கல. ஆனா அவ என் கையில இல்ல. அவர் கையில குடுத்தாச்சு. குடுத்தாலும்..." அங்கே நின்றாள். கடைசிப் பெஞ்சில் கணவர் தலை நிமிர்ந்தது. "குடுத்தாலும் எடுத்தாலும் அவருடைய பிள்ளை. என்ன பண்ணணும்னு அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. அவ்வளவுதான்."

பழக்க தோஷத்தில் எங்கிருந்தோ ஓர் "ஆமென்" கிளம்பியது.

"இதுக்கு ஆமென் வேண்டாம்!" என்றாள் இடியக்கா. "தயவுசெஞ்சு சும்மா இருங்க."

உட்கார்ந்தாள். அன்று வேறு யாரும் சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் சிலர் அவளைப் பார்க்காத மாதிரி இறங்கிப் போனார்கள். உபவாச ஜெபத்துக்கு முதலில் வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வரணும்" என்றாள் இடியக்கா, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "லீவு கிடைச்சா வரணும். ஹால்ல யாரும் இருக்க மாட்டாங்க."

"கோபம் போயிடுச்சாம்மா?"

"எங்க போகும்? உன் மேல இருக்கு. உங்க அப்பா மேல இருக்கு. ஆண்டவர் மேலயும் இருக்கு."

"அவர் தாங்குவார்."

"தாங்கட்டும். அவரை நம்பித்தானே விடுறேன், வேற யாரை நம்பி?"

திங்கட்கிழமை விடியும்போது மகள் கிளம்பினாள். தாய் வாசல் வரைக்கும் வந்தாள். தலையில் கை வைக்கவில்லை, பையைத் தூக்கிக் கொடுத்தாள், அதையும் வெடுக்கென்று கொடுத்தாள். தெரு திரும்பும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து செருப்பை மாட்டினாள். வேலைக்கு நடந்து போகிற வழியில் வாய் தானாக ஜெபத்தைத் தொடங்கியது.

"ஆண்டவரே, மலைப்பாதை வளைவுல மட்டும் அவளை ரெண்டாவது கியர்ல... மழை பேஞ்சா ஓரமா நிறுத்தச் சொல்லி... கூட வர்ற கிளீனர் நல்லவனா..."

பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். எதிரே வந்தவர் ஒதுங்கி நடந்தார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள், உரக்க, எரிச்சலோடு. சலவைக்கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.